பூச்சட்டி மண்ணும் நரியின் பிரசங்கமும்

பக்கத்துக் கதிரையில் இருந்து மூன்று வருடமாக என் வாயை மூட வைக்கப் பார்த்துத் தோற்றுப்போன என் ஸ்ரெல்லா ரீச்சருக்கு,

றீற்றா எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் கடிதம் எழுதப் புறப்பட்டுவிட்டாள் என்று அங்கே யாரிடமாவது சொல்லிச் சிரிப்பீர்கள். சிரியுங்கள். பிழை திருத்துவதற்குக் கோயில் நினைவு மலர் அச்சிடுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்கள் கேட்டது ஒரு பக்க நினைவுக் குறிப்பு. நான் ஒரு பக்கத்தோடு நிறுத்துகிற ஆளா?

இங்கத்தைச் செய்திகளில் முதலில் உங்களைப் பற்றின புதினத்தையே உங்களுக்குச் சொல்கிறேன். நீங்கள் போனது தை மாதம். மண் உறைபனியில் கல்லாக இறுகிக் கிடக்கிறது, வைகாசி வரை குழி வெட்ட முடியாது என்று சொல்லி, உங்கள் பெட்டியை ஓர் அறையில் வைத்துப் பூட்டிவிட்டார்கள். "அகதி விண்ணப்பத்துக்கும் ரீச்சர் வரிசையில நிண்டா, குழிக்குப் போறதுக்கும் வரிசையில நிக்கிறா" என்று நான் சொல்ல, அழுதுகொண்டு நின்ற சனம் முழுவதும் சிரித்துவிட்டது. செத்தவீட்டில் சிரிப்பு மூட்டினது பிழையா ரீச்சர்? உங்களுக்குப் பிடித்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

இரண்டாவது புதினம் ஜெசிந்தாவைப் பற்றியது. மூக்கில் குழாயோடு ஆசுபத்திரியில் கிடந்தபோதும், "ஜெசிந்தாவுக்குக் கடிதம் வந்திட்டுதே?" என்றுதான் கேட்டீர்கள். போன கிழமை வந்தது. அதில் என்ன இருந்தது என்று இப்போது சொல்லமாட்டேன். கதையை முதலில் இருந்து சொல்ல வேண்டும் என்று பழக்கினது நீங்கள்தானே, பொறுங்கோ.

எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு கனடாவுக்கு அள்ளுப்பட்டு வந்தவர்களில் நாங்களும் இரண்டு பேர். சென்ட் லோரன்டில் ஓர் உடுப்புத் தொழிற்சாலையில், தைத்து வருகிற காற்சட்டைகளில் தொங்குகிற நூலை வெட்டி எறிகிற மேசையில் சந்தித்தோம். நீங்கள் யாழ்ப்பாணத்தில் பெரிய வகுப்புகளுக்கு ஆங்கில இலக்கியம் படிப்பித்தவர். நான் மன்னார்க் கரையில் கருவாடு காயப்போட்டவள். இந்த நாடு இரண்டு பேருக்கும் ஒரே மாதிரிக் கத்தரிக்கோலைத் தந்தது.

மொன்ட்ரியால்-நோரில் இருந்து வேலைக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். அந்தப் பஸ்களில் நீங்கள் சொன்ன கதைகளில்தான் எனக்கு அறுநூறு வருடத்துக்கு முந்தின இங்கிலாந்து தெரியவந்தது. வெள்ளைக்காரச் சாமிமார் பிறக்கும்போதே கைகூப்பிக்கொண்டு பிறந்தவர்கள் என்று நினைத்திருந்தவள் நான். நீங்களோ, சமையல் நல்ல வீடாகப் பார்த்துச் செபம் சொல்லப் போகிற துறவியைக் காட்டினீர்கள். பாவமன்னிப்புப் பத்திரத்தைச் சந்தையில் மீன் கூவுவதுபோல் கூவி விற்கிறவனைக் காட்டினீர்கள். செத்த ஆட்டின் எலும்பைப் பட்டில் சுற்றி, புனிதரின் விரல் என்று முத்தமிடக் கொடுக்கிறவனைக் காட்டினீர்கள். எனக்கு வந்த சந்தோசத்தைச் சொல்ல முடியாது. அவர்களும் எங்களைப் போலத்தான் என்று தெரிந்த நாளில் இருந்து தொழிற்சாலை முதலாளியைக் கண்டால்கூட எனக்குப் பயம் குறைந்துவிட்டது.

"அப்ப உந்தக் கதையள் எழுதினவங்கள் வேதத்தை விட்டவங்களோ ரீச்சர்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"இல்லை றீற்றா. கனபேர் பூசை தவறாத ஆக்கள். சிலர் சாமிமாரே. கூரை ஒழுகினால் அந்த வீட்டில குடியிருக்கிறவன்தான் கத்துவான். றோட்டால போறவனுக்கு என்ன?"

"அப்ப எங்கட சவிரி அண்ணையையும் அவங்களுக்கு நல்லாத் தெரிஞ்சிருக்கு."

நீங்கள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினதில் பஸ் சாரதி கண்ணாடியில் திரும்பிப் பார்த்தான்.

சவிரி அண்ணை எங்கள் செபமாலைக் குழுவின் தலைவர். (கோபிக்க வேண்டாம் ரீச்சர், இதை அச்சுக்குக் கொடுக்க முதல் அவருக்கே வாசித்துக் காட்டிவிட்டேன். அதைப் பிறகு சொல்கிறேன்.) தவக்காலத்தில் நாற்பது நாளும் மச்ச மாமிசம் தொடுவதில்லை என்று கோயில் மண்டபத்தில் எழும்பி நின்று சொல்வார். ஆனால் இந்த ஊர்க் குளிர்காலம் ஒரு பொல்லாத சாட்சி. யன்னல் எல்லாம் அடைத்துக் கிடக்க, வீட்டில் கொதித்ததன் மணம் முழுவதும் குளிர்க் கோட்டில் ஏறிவிடும். ஒருத்தன் முதல்நாள் என்ன சாப்பிட்டான் என்பதை அவன் கோட்டே வாசித்துச் சொல்லும். பெரிய வெள்ளிக்கிழமை சிலுவைப் பாதையில் அவருக்குப் பின்னால் நின்று, "ரீச்சர், எனக்குப் பசிக்குது" என்று நான் சொன்னது உங்களுக்கு நினைவிருக்கும்.

கோட்டுச் சங்கதி வெறும் பகிடி. மண் சங்கதி அப்படியில்லை.

எங்கள் பக்கத்துக் காட்டுக்குள் இருக்கிற மாதா கோயிலின் மண்ணுக்குப் பாம்பு விஷம் இறங்கும் என்பது நாங்கள் தொட்டிலில் கேட்டது. ஊரில் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பொட்டலம் இருக்கும். மொன்ட்ரியாலில் பாம்பு இல்லை. குடிவரவு விசாரணை இருந்தது. சவிரி அண்ணை வரும்போது ஒரு பை மண் கொண்டுவந்திருந்தார். விசாரணைக்குப் போகிறவர்களுக்குச் செபம் சொல்லி ஒரு சிட்டிகை கட்டிக் கொடுப்பார். காசு வாங்கமாட்டார், அதைச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் மண் வாங்கினவர்கள் அவர் வாசலில் பனி அள்ளுவார்கள். அவர் வீட்டு விசேஷத்துக்குச் சமைத்துக் கொடுப்பார்கள். பஸ்ஸில் முன் இருக்கையும் கோழிக்கறியில் காலும் எப்போதும் அவருக்குத்தான்.

கறுத்த மண் அது. அதற்குள் சின்னச் சின்ன வெள்ளை மணிகள். "எங்கட கடற்கரைச் சிப்பித் தூள்" என்று யாரோ சொல்ல, நாங்கள் அதை விரலால் தொட்டுத் தொட்டு அழுதோம். காட்டுக் கோயில் மண்ணுக்குள் கடல் சிப்பி எப்படி வந்தது என்று ஒருத்தரும் கேட்கவில்லை. ஊரில் எல்லாரையும் பகிடி பண்ணித் திரிந்த நானும் கேட்கவில்லை. சட்டைக்குள் முடிந்துகொண்டு என் விசாரணைக்குப் போனேன். ஏற்றுக்கொண்டார்கள். அந்தச் சந்தோசத்தில் சவிரி அண்ணை வீட்டில் ஒரு மாதம் பனி அள்ளினேன்.

ஜெசிந்தா எங்களுக்கு மேல்மாடியில் இருந்த பிள்ளை. இருபத்தைந்து வயது இருக்கும். புருசனும் நாலு வயது மகனும் கடலுக்கு அந்தப் பக்கம், இந்தியாவில் முகாமில். இவளை ஏற்றுக்கொண்டால்தான் அவர்களைக் கூப்பிடலாம். முதல் விசாரணையில் இவளுக்கு வாய் திறக்கவில்லை. கேட்ட கேள்விக்கெல்லாம் மேசையைப் பார்த்துக்கொண்டு இருந்தாளாம். பாவம் பார்த்து இன்னொரு தவணை கொடுத்து அனுப்பினார்கள். அடுத்த முறையும் இப்படி இருந்தால் முடிந்தது என்று சட்டத்தரணி சொல்லிவிட்டார்.

பின்னேரங்களில் வந்து நடந்ததைச் சொல்லிப் பழகும்படி நீங்கள் அவளுக்குச் சொன்னீர்கள். இரண்டு நாள் வந்தாள். மூன்றாம் நாள் காணவில்லை. படியில் மறித்துக் கேட்டேன்.

"சவிரி அண்ணை சொன்னவர் அக்கா, கனக்கக் கதைச்சால் பிழைச்சுப் போகுமெண்டு. மண்ணைக் கையில பிடிச்சுக்கொண்டு பேசாமல் இருக்கட்டாம். மாதா கதைப்பாவாம்."

"அதுக்கு ஏனடி கையெல்லாம் மா?"

"அவையின்ர வீட்டில பிட்டு அவிச்சுக் குடுத்திட்டு வாறன்."

அந்தக் கிழமைதான் மடாம் ஜினெட்டின் சங்கதி நடந்தது. எங்கள் மேற்பார்வைக்காரி, மத்தியானச் சாப்பாட்டு நேரம் யன்னலடியில் வைத்திருந்த பூச்செடியைப் பெரிய சட்டிக்கு மாற்றினார். பிளாஸ்ரிக் பையை வெட்டி மண்ணைக் கொட்டினார். கறுத்த மண். வெள்ளை மணிகள். நான் சாப்பிட்டுக்கொண்டிருந்த பாண் துண்டைப் போட்டுவிட்டு ஓடிப்போய் ஒரு பிடி அள்ளி முகத்துக்குக் கிட்டப் பிடித்தேன். சாப்பிடப் போகிறேன் என்று நினைத்து மனிசி என் கையைத் தட்டிவிட்டார். நீங்கள் வந்து ஆங்கிலத்தில் விசாரித்தீர்கள். வெள்ளை மணி வேருக்குக் காற்றுப் போவதற்காம். எங்கேயோ சூளையில் பொரித்துக் கலக்கிறார்களாம். சாமான் கடையில் பை பையாகக் கிடக்கிறதாம்.

நான் முதலில் சிரித்தேன். பிறகு அழுதேன். "அப்ப என்னை இந்த நாட்டில இருக்க விட்டது பூச்சட்டி மண்ணோ ரீச்சர்?"

"உம்மை இருக்க விட்டது உம்மட வாய். மூண்டு மணித்தியாலம் கதைச்சால் ஆர்தான் திருப்பி அனுப்புவினம்?"

ஞாயிற்றுக்கிழமை யாத்திரை பஸ்ஸில் எல்லாருக்கும் முன்னால் சவிரி அண்ணையின் தோலை உரிக்கப் போகிறேன் என்று குதித்தேன். நீங்கள் கத்தரிக்கோலைக் கீழே வைத்தீர்கள்.

"நீர் கத்தினால் சவிரியருக்கு வெக்கம் வரும், ரெண்டு நாளில அது போயிடும். அந்தப் பிள்ளைக்குச் செவ்வாய்க்கிழமை விசாரணை. பிடிச்சுக்கொண்டு நிக்கிறதைத் தட்டிப் பறிச்சால் வெறுங்கையோட அங்க போய் என்ன செய்யும்?"

"அப்ப பேசாமல் இருக்கச் சொல்லுறியளோ?"

"ஆர் சொன்னது? நான் கதை சொல்லப் போறன்."

ஆவணி மாதத்து யாத்திரை. ஆற்றங்கரையோரம் மூன்று மணித்தியாலம் போனால் வருகிற பெரிய கோயிலுக்கு, பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றுகிற மஞ்சள் பஸ்ஸை வாடகைக்கு எடுத்திருந்தோம். சவிரி அண்ணை முன்னால் நின்று செபமாலை நடத்தினார். மூன்றாம் காரணிக்கத்தில், பாதிச் செபத்திலேயே, நீங்கள் வழக்கம்போல் குறட்டை விட்டீர்கள். வழக்கம்போல் நான் இடித்தேன். செபம் முடிந்து, சம்பல் பாண் கைமாறி, "ரீச்சர் ஒரு கதை சொல்லுங்கோ" என்று நானே ஆரம்பித்து வைத்தேன். நீங்கள் எழும்பி, இருக்கையைப் பிடித்துக்கொண்டு, முள்ளந்தண்டை நிமிர்த்தினீர்கள். அன்றைக்குத்தான் உங்களைப் படிப்பிக்கிற ஆளாகக் கண்டேன்.

அந்தக் காலத்து இங்கிலாந்தில் கோயில் இருக்கைகளில்கூடச் செதுக்கி வைத்திருந்தார்களாம், துறவி அங்கி போட்ட நரி வாத்துகளுக்குப் பிரசங்கம் வைக்கிற காட்சியை. செபம் பாடுகிற சாமிமார் அதற்கு மேலேயே குந்தியிருப்பார்களாம். அந்த நரியை நீங்கள் பஸ்ஸுக்குள் கொண்டுவந்தீர்கள். கைகூப்பினீர்கள், கண்ணைச் செருகினீர்கள். "என் அன்புச் சகோதரிகளே, கண்ணை மூடுங்கோ. கழுத்தை நல்லா நீட்டிச் செபியுங்கோ. சத்தம் போடுறது பாவம். உங்களுக்காகக் கடவுளிட்ட நான் கதைக்கிறன்." ஒவ்வொரு நாளும் ஒரு வாத்துக் குறையும். "அவ மோட்சத்துக்குப் போயிட்டா" என்று நரி வாயைத் துடைத்துக்கொண்டு ஆறுதல் சொல்லும். மிச்ச வாத்துகள், எங்களுக்கு எப்போது அந்தப் பாக்கியம் என்று பெருமூச்சு விடும்.

பஸ் கிடந்து குலுங்கியது. எல்லாரிலும் பார்க்கச் சத்தமாகச் சிரித்தது சவிரி அண்ணை. தொடையில் தட்டித் தட்டிச் சிரித்தார்.

"எங்கட ஊரில ஒரு கோயில் மூப்பர் இருந்தவர் ரீச்சர், அச்சொட்டா உதே ஆள்."

நான் துவாயை வாய்க்குள் வைத்து அடைத்துக்கொண்டேன். நீங்கள் என்னைப் பார்க்கவே இல்லை. பார்த்திருந்தால் கதை அந்த இடத்தில் முடிந்திருக்கும்.

ஜெசிந்தா மட்டும் சிரிக்கவில்லை.

"வாத்துகள் ஏன் கத்தேல்லை ரீச்சர்?"

"நரி சொல்லிச்சுதெல்லே பிள்ளை, பேசாமல் இருங்கோ, நான் கதைக்கிறன் எண்டு."

அவள் தன் கையைப் பார்த்தாள். மண் முடிச்சுக் கைக்குள் இருந்தது. தனக்குத்தானே சொல்வதுபோலச் சொன்னாள்: "காணாமல் போனது ஆர் ஆரெண்டு அதுகளுக்குத்தானே தெரியும். நரி எப்படிச் சொல்லும்?"

சவிரி அண்ணைகூடத் தொடையில் இருந்து கையை எடுத்துவிட்டார். காணாமல் போன ஒருத்தராவது இல்லாத வீடு அந்தப் பஸ்ஸுக்குள் எத்தனை இருந்திருக்கும்?

நீங்கள் மெல்லச் சொன்னீர்கள், "அதுதான் பிள்ளை, கடைசியில அதுகள் வாயைத் திறந்ததுகள்." வாத்துகள் போட்ட சத்தத்தில், வீட்டுக்காரி நூல் நூற்கிற தடியோடு ஓடிவந்து நரியைத் துரத்திக்கொண்டு போனாளாம். அந்தத் துரத்தலையும் செதுக்கி வைத்திருக்கிறார்களாம். நூல் வெட்டுகிற பெண்டுகள் நாங்கள் ஏழு பேர் இருந்தோம். தட்டின கைதட்டலில் சாரதி பஸ்ஸை ஓரம் கட்டப் பார்த்தான்.

கோயிலில் மற்றவர்கள் மெழுகுதிரி கொளுத்தப் போக, ஜெசிந்தா உங்கள் சீலைத் தலைப்பைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஆற்றங்கரைப் புல்லில் போய் இருந்தாள். மத்தியானத்தில் இருந்து பஸ் கோன் அடித்துக் கூப்பிடும் வரைக்கும் கதைத்தாள். கடதாசி இல்லாமல் பாட்டுத் தாள்களின் பின்பக்கத்தில் எழுதினீர்கள். என் வேலை, உங்களுக்குக் கிட்ட வந்த கனடா வாத்துகளைக் கலைத்தது. கதையில் வாத்துக்குப் பரிந்து பேசிவிட்டு வெளியில் வாத்துக் கலைத்த ஒரே ஆள் நான்தான். தன் தம்பியாரை ஆமிக்காரர் சோதனைச் சாவடியில் இறக்கிக் கொண்டுபோன நாளை அவள் சொல்லத் தொடங்கினபோது, வாத்துகளைக் கலைக்கிற சாட்டில் தூரமாகப் போய்விட்டேன்.

செவ்வாய்க்கிழமை இரண்டு பேரும் வேலைக்குக் காய்ச்சல் வருத்தம் என்று பொய் சொல்லிவிட்டு, விசாரணைக் கட்டடத்தின் நடைபாதையில் காவல் இருந்தோம். வெளியில் வந்தவளின் முகம் வேர்த்திருந்தது. ஆனால் நிமிர்ந்திருந்தது.

"மொழிபெயர்க்கிற ஐயா ரெண்டுதரம் மறிச்சவர் அக்கா, மெல்லக் கதைக்கட்டாம்."

"மண் எங்கயடி?"

"கையில வேர்த்துச் சேறாப் போச்சு. மேசையில பூசிப்போடும் எண்டு, வாசலில நிக்கிற பூச்சட்டிக்குள்ள போட்டிட்டுத்தான் உள்ளுக்குப் போனன். பாவமோ ரீச்சர்?"

நீங்கள் தொண்டையைச் செருமினீர்கள். "இல்லை பிள்ளை. நல்ல இடத்திலதான் போட்டிருக்கிறீர்." அதற்குப் பிறகு மெட்ரோவுக்குப் போகும் வரைக்கும் நாங்கள் இரண்டு பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கத் துணியவில்லை.

தீர்ப்பு தபாலில் வரும் என்றார்கள். மாரி வந்தது, உங்களுக்கு இருமல் வந்தது, தீர்ப்பு வரவில்லை. நீங்கள் போனீர்கள். பனி உருகி உங்களைப் புதைத்தோம். கோடையும் போனது.

போன வியாழக்கிழமை ஜெசிந்தா செருப்பில்லாமல் படியிறங்கி ஓடிவந்து என் கதவை உதைத்தாள். கடிதம் முழுக்கப் பிரெஞ்சு. எங்கள் இரண்டு பேருக்கும் விளங்கவில்லை. கீழே இருக்கிற தெப்பனர் என்கிற சில்லறைக் கடைக்கு இழுத்துக்கொண்டு போய் முதலாளியின் முகத்துக்கு முன்னால் நீட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டார், கழற்றித் துடைத்தார், திரும்பப் போட்டார். எனக்கு அந்த மனிசனைக் கடிக்கலாம் போல இருந்தது. பிறகு கல்லா மேசையைச் சுற்றி வெளியில் வந்து ஜெசிந்தாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

ஏற்றுக்கொண்டுவிட்டார்கள் ரீச்சர். புருசனையும் பிள்ளையையும் கூப்பிடலாம்.

அன்று பின்னேரம் வீடு நிறையச் சனம். சவிரி அண்ணை குசினிக்குள் வந்து, தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்த எனக்குப் பக்கத்தில் நின்றார்.

"றீற்றா, ரீச்சரின்ர கதையில அந்த நரி நான்தானே?"

நான் அவர் கையில் ஒரு கோப்பைத் தேத்தண்ணியைக் கொடுத்தேன்.

"கொண்டந்த மண் ரெண்டு மாதத்தில முடிஞ்சு போச்சு. வாசலில வந்து நிக்கிற சனத்துக்கு இல்லையெண்டு சொல்ல வாய் வரேல்லை. பேந்து பழகிப் போச்சு. பகல் முழுக்க ஒரு சாப்பாட்டுக் கடையில கோப்பை கழுவுறன். உங்களிட்டத்தான் நான் அண்ணை." கோப்பையை மேசையில் வைத்துவிட்டு, "அந்தப் பிள்ளையைப் பேசாமல் இருக்கச் சொன்னதை நினைச்சால் இப்பவும் நித்திரை வராது" என்றார்.

"நரி நீங்கள்தான் அண்ணை. கழுத்தை நீட்டின வாத்து நான். ஒரு மாதம் பனியும் அள்ளிப்போட்டன்."

அவர் சிரித்தார். இந்த முறை தொடையில் தட்டவில்லை. அடுப்பில் கிடந்த பானையை இறக்கி, கைச்சட்டையை மடித்துவிட்டு, வந்தவர்கள் குடித்த கோப்பைகளை எல்லாம் தானே கழுவி வைத்தார். இந்தக் கடிதத்தை வாசித்துக் காட்டினபோது ஒரே ஒரு திருத்தம்தான் சொன்னார்: பெரிய வெள்ளியன்று கோட்டில் மணத்தது கோழி, ஆடு இல்லை. நான் எதுவென்று எழுதவே இல்லையே ரீச்சர். அவராகவே கொடுத்த வாக்குமூலம் இது.

அலுவல்கள் முடிந்து, அடுத்த கோடைக்குள் அவர்கள் வந்து இறங்குவார்கள் என்று சட்டத்தரணி சொல்கிறார். வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரையும் உங்களிடம் கூட்டிக்கொண்டு வருவேன். ஜெசிந்தா என்ன சொன்னாள், எப்படிச் சொன்னாள் என்பதை அவள் புருசனுக்கு உங்கள் கல்லுக்கு முன்னால் நின்று சொல்வேன். முதல் பத்து நிமிடத்துக்கு அவனை ஒரு பகிடியும் பண்ணமாட்டேன். பத்து நிமிடம் உங்களுக்காக. அதற்கு மேல் மாதாவே வந்து மறித்தாலும் என்னால் முடியாது.

உங்களோடு கூடப் பிறக்காத, செபமாலையில் உங்களை நித்திரை கொள்ளவும் விடாத தங்கச்சி,
றீற்றா
மொன்ட்ரியால்-நோர்